கேட்காமல் தூக்கிய குழந்தை

"அம்மா! அலுமாரிக்குள்ள வீட்டு உறுதி இல்ல!"

விதுர்ஷாவின் சத்தத்தில் அடுப்படியில் நின்ற இராசாத்தியின் கையிலிருந்து அகப்பை நழுவி விழுந்தது. மணி ஆறரை. வானம் மட்டும் இன்னும் விடியாத மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

"கத்தாத மகள்... புள்ள எழும்பிரும்."

"உறுதி எங்க எண்டு கேக்கிறன்!"

"நான்தான் எடுத்து வெச்சிருக்கன்."

அவ்வளவுதான். அறைக்குள்ளிருந்து மருமகன் மதுஷன் துவாயோடு வெளியே வந்து நின்றான். பெண்சாதியை ஒருமுறை பார்த்தான். 'நான் சொன்னேனா இல்லையா' என்பது போன்ற அந்தப் பார்வை இராசாத்தியின் நெஞ்சில் முள்ளாய் இறங்கியது.

அந்த வீடு அவள் கட்டிய வீடு. குவைத்தில் ஏழு வருஷம் ஊரான் வீட்டுக் குளியலறைகளைக் கழுவிக் கழுவி, கல் கல்லாய் எழுப்பியது. விதுர்ஷாவின் கல்யாணத்தன்று அதை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்துத் தகர அறைக்கு ஒதுங்கிக்கொண்டாள். தேற்றாத்தீவில் எந்தத் தாயும் செய்வதுதான். ஆனால் எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரத்தைத் தாயே திரும்ப எடுத்தாள் என்றால் அதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு...

"ஏன் எடுத்தீங்க? வீட்டைத் திருப்பி எழுதப் போறீங்களா? எங்களைப் புடிக்கல்லயா?" விதுர்ஷா கேட்டாள்.

"ஐயோ கடவுளே! என்ன கதை இது!" இராசாத்தி ஓடிப்போய் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியொன்றைத் தூக்கி வந்து நடுவீட்டில் வைத்தாள். "இஞ்ச பாரு. உறுதி, உங்கட ஐடென்டிகாட் கொப்பி, புள்ளயின்ட பிறப்புப் பத்திரம், கிளினிக் கொப்பி... எல்லாம் பொலித்தீனுக்குள்ள சுத்தி வெச்சிருக்கன். மேல பால்மா, பிஸ்கட், டோர்ச், நெருப்புப் பெட்டி. ராவு றேடியோவில சொன்னாங்க, இப்பிடி ஆயத்தப்படுத்தி வைக்கச் சொல்லி. புயல் வருகுதெல்லா?"

மதுஷன் குனிந்து பார்த்தான். எல்லாம் இருந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"எடுத்தது சரி மாமி. எங்களட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நித்திரையில இருந்தீங்க மருமகன்..."

"எங்கட சாமானை நாங்களே எடுத்து வைப்பம். பத்தரைக்கு நௌஷாட்ட வேன் வருகுது. கொக்கட்டிச்சோலைக்கு அக்கா வீட்டுக்குப் போறம். நீங்களும் வாங்க."

இராசாத்தி வாளியை விட்டு நிமிர்ந்தாள்.

"ஆத்துக்கு அங்கால போறதா? வேணாம் மருமகன்!"

வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். கிழக்கே கடல், மேற்கே ஆறு, நடுவில் ஒரு மெயின் ரோட்டு. ரோட்டுக்கு ஆற்றுப் பக்கத்தில் இவர்கள் வீடு. ரோட்டுக்குக் கடல் பக்கம் பள்ளிக்கூடம்.

"விடியக் காத்தால ஆத்தங்கரைக்குப் போய்ப் பாத்தன். இஞ்ச பெரிய மழை இல்ல. ஆனாத் தண்ணி ரெண்டு முழம் ஏறியிருக்கு. செம்மண் நிறம்! ஆத்துவாழைச் செடி கூட்டங் கூட்டமா மிதந்து வருகுது. வேரோட பிடுங்கின வேளாண்மைப் பயிரும் வருகுது. அங்கால குளமெல்லாம் நிரம்பி வான் பாயுது மகள். வயல் வட்டைக்குள்ள எத்தின வருசம் நெல்லு அருவி வெட்டப் போனவள் நான்... அந்த ரோட்டு வயலுக்கு நடுவால போற ரோட்டு. தண்ணி ஏறினா ரோட்டும் தெரியா, வயலும் தெரியா. கிராம சேவகர் ஜீ.எஸ் மிஸ் ஆட்டோவில சொல்லிக்கொண்டு போனா, பள்ளிக்கூடத்து மேல்மாடிக்கு வரச்சொல்லி..."

"பள்ளிக்கூடமா?" விதுர்ஷாவின் முகம் வெளிறியது. "கடலுக்குக் கிட்டவா? புயலுக்கு, கடலுக்குக் கிட்டப் போறதா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"மேல்மாடி மகள். கட்டிடம் உறுதியானது..."

"டிலக்சனைக் கொண்டுபோன கடல் அது!"

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

சுனாமி வந்த காலை விதுர்ஷாவுக்கு ஒன்பது வயது. தம்பி டிலக்சனுக்கு நான்கு. தகப்பன் இளையதம்பி ஒரு கையில் மகளையும் மறுகையில் மகனையும் பிடித்துக்கொண்டு கடற்கரையிலிருந்து ஓடினார். ரோட்டைத் தாண்டும்போது ஒரு கைதான் நிறைந்திருந்தது. இராசாத்தி அப்போது குவைத்தில். வந்து சேர ஒன்றரை மாதம் பிடித்தது. அன்றிலிருந்து இருபத்தொரு வருஷமாக விதுர்ஷா அந்த மெயின் ரோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் கால் வைத்ததே இல்லை. இளையதம்பியும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

விதுர்ஷா தாயின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"உங்களுக்கு என்ன தெரியும் அம்மா? அந்தத் தண்ணியை நீங்க கண்டீங்களா? தம்பிட கை நழுவின நேரம் நீங்க எங்க இருந்தீங்க? உங்கட கையில புள்ள இருக்கல்லயே... உங்களுக்குத் தெரியாது!"

இராசாத்தி அடுப்படிக்குள் போய், விழுந்து கிடந்த அகப்பையைக் குனிந்து எடுத்தாள்.

பத்து மணி. மதுஷன் மெழுகுதிரியும் பெற்றரியும் வாங்கச் சந்திக்குப் போயிருந்தான். விதுர்ஷா கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் தொங்கிய ஏணைத் தொட்டிலுக்குள் ஏழு மாதக் குழந்தை 'குஞ்சு' விரலைச் சூப்பிக்கொண்டு கிடந்தது.

இராசாத்தி மறுபடியும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு ஓடி வந்தாள். காலையில் தெரிந்த படிக்கட்டு இப்போது தெரியவில்லை. தோணி கட்டும் குற்றி தண்ணீருக்குள் போய்விட்டது. நாலு மணி நேரத்துக்குள்!

இன்னும் அரை மணியில் வேன் வந்துவிடும். எத்தனை தடவை சொன்னாலும் மகள் கேட்கமாட்டாள். அழுதாலும் காலில் விழுந்தாலும் கேட்கமாட்டாள். உயிரே போனாலும் அவள் அந்த ரோட்டைத் தாண்டமாட்டாள்.

ஒன்றுக்காக மட்டும் தாண்டுவாள்...

சீ! என்ன நினைப்பு இது! ஆனால் கை அதற்குள் ஏணையை விலக்கிவிட்டது. குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. கலண்டர் தாளொன்றைக் கிழித்து எழுதினாள்: 'மகள், புள்ளயைக் கொண்டு போறன். பள்ளிக்கூடத்து மேல்மாடி. வந்து சேர்.' அதை ஏணைக்குள் போட்டாள். மெயின் சுவிட்சை நிறுத்தினாள். ஒரு கையில் வாளி, தோளில் குழந்தை, தலைக்கு மேல் ஒரு பொலித்தீன். வேலிப் படலையைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

திருடி மாதிரித்தான் போனாள். ஆம், அவள் கட்டிய வீட்டிலிருந்தே!

பள்ளிக்கூடத்து மேல்மாடியில் ஏற்கனவே முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். பக்கத்து ஒழுங்கைக் கண்ணகை ஒரு கூடைக்குள் மூன்று கோழிகளோடு வந்து ஜீ.எஸ் மிஸ்ஸோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கோழி கொண்டுவர ஏலா எண்டு எந்தச் சட்டத்தில இருக்கு மிஸ்? அதுகளும் உயிர்தானே!"

"ஆச்சி, வகுப்புக்குள்ள சனம் படுக்க வேணும்..."

"அதுகள் படுக்காது. நிண்டுகொண்டுதான் நித்திரை கொள்ளும்!"

சிரிப்பு எழுந்தது. இராசாத்தி சிரிக்கவில்லை. மேற்குப் பக்க ஜன்னலில் போய் நின்று, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தாள்! ஈரத் தலைமயிர் விரிந்து கிடக்க, காலில் செருப்பில்லாமல், நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள் விதுர்ஷா. மெயின் ரோட்டின் ஓரம்வரை வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

ஒரு கால் ரோட்டில். மற்றக் கால் எழும்பவில்லை. மேலேயிருந்து பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள்... ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி.

'வா மகள்... வா... என்னை ஏசிக்கொண்டே வா...' இராசாத்தியின் வாய் முணுமுணுத்தது. குழந்தையின் தலையில் கண்ணீர் சொட்டியது.

விதுர்ஷா கண்ணை இறுக மூடினாள். அப்படியே ரோட்டுக்குக் குறுக்கே ஓடினாள்.

அடுத்த நிமிஷம் மாடிப்படியில் அலறல்.

"எங்க என்ட புள்ள? குஞ்சு... குஞ்சு!"

குழந்தையைப் பறித்தாள். தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். முத்தமிட்டாள். பிறகு திரும்பினாள். அந்தக் கண்களைப் பார்த்து இராசாத்தி ஓரடி பின்னால் வைத்தாள்.

"களவாணி!"

மேல்மாடி முழுக்க இவர்கள் பக்கம் திரும்பியது. கண்ணகையின் கோழிகள்கூடக் கொக்கரிக்கவில்லை.

"காத்தால உறுதியை எடுத்தீங்க. இப்ப புள்ளயை எடுத்திட்டீங்க! அண்டைக்கு உங்கட புள்ளயைக் காப்பாத்த இல்லாத தாய், இண்டைக்கு என்ட புள்ளயைக் களவெடுக்கிறீங்களா? கேளுங்க எல்லாரும்! பெத்த தாய் செய்யிற வேலையா இது?"

"மகள்... வேன்ல போகாத மகள்... அதுக்காகத்தான்..."

"என்னை மகள் எண்டு கூப்பிடாதீங்க! இது முடிஞ்ச பிறகு என்ட வீட்டுப் படலையைத் தாண்டி நீங்க வரக்கூடாது. சொல்லிட்டன். என்ட குழந்தையில விரலும் படக்கூடாது!"

ஏணைக்குள் கிடந்த கடதாசியைக் கண்டு, மூச்சு வாங்க மதுஷன் மேலே ஏறி வந்தான். கையில் போன். "நௌஷாட் கால் மணித்தியாலம் படலையில நிண்டு பாத்திட்டுப் போயிட்டானாம். அங்கால இன்னொரு குடும்பத்தை ஏத்த வேணுமாம், பிந்தினா ஏலாதாம்." மாமியாரைப் பார்த்தான். "இப்ப சந்தோசமா மாமி?"

"மோட்டர் சைக்கிள்ல போவம்," என்றாள் விதுர்ஷா.

ஜீ.எஸ் மிஸ் குறுக்கே வந்து நின்றாள். "கைக்குழந்தையோட இந்தக் காத்துக்குள்ளயா? நான் விடமாட்டன். பிறகு என்னையும் களவாணி எண்டு பேசுங்க, பரவாயில்ல."

இராசாத்தி வாளியை மகளின் காலடியில் வைத்தாள். மாடியின் மறு கோடிக்குப் போய்ச் சுவரோரமாகக் குந்திக்கொண்டாள்.

"பேத்தியைக் களவெடுத்துக்கொண்டு ஓடி வந்தவளாம்... கலிகாலம்!" கண்ணகை பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது.

மத்தியானம் புயல் காற்று வந்து இறங்கியது.

முதலில் ஒரு நீண்ட ஊளை. பிறகு எங்கேயோ ஒரு தகரம் கிழியும் சத்தம். தென்னைகள் வளைந்து வளைந்து நிமிர்ந்தன, இரண்டு நிமிரவேயில்லை. கரண்ட் கம்பம் ஒன்று தீப்பொறியோடு சரிந்தது. "ஜன்னல்களை விட்டுத் தள்ளி இருங்க! ஆரும் கீழ போக வேணாம்!" ஜீ.எஸ் மிஸ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

யார் கேட்டார்கள்? அத்தனை பேரும் கிழக்குப் பக்கச் சுவரோட்டைகளில் கண்ணை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலை எழுகிறதா? கரையைத் தாண்டுகிறதா? விதுர்ஷா ஒரு மேசைக்கடியில் குழந்தையை அணைத்தபடி, கடல் இரையும் ஒவ்வொரு முறையும் துடித்துத் துடித்து விழித்தாள்.

கடல் வரவில்லை.

"ஐயோ! இஞ்சால பாருங்க... ஆறு! ஆறு ரோட்டுக்கு வந்திட்டு!"

மேற்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் போட்ட கூச்சலில் எல்லோரும் திரும்பினார்கள். தண்ணீர் அவர்கள் முதுகுப் பக்கத்தால் வந்திருந்தது. சத்தமில்லாமல், அலையில்லாமல், செம்மண் நிறத்தில். ஒழுங்கைகள் இல்லை. வேலிகள் இல்லை. கூரைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பது போலத் தெரிந்தன. ரோட்டின் மேட்டில் வந்து, பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கம் ஏற முடியாமல் நின்றது.

மதுஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தன் வீட்டைத் தேடினான். கண்டுபிடித்தான். ஜன்னலின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. நடுவீட்டில் ஏணை கட்டியிருந்த உயரத்தை மனதுக்குள் அளந்து பார்த்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"வீட்டிலேயே இருந்திருந்தா..." என்றான்.

விதுர்ஷாவின் பார்வை முதன்முறையாக மறு கோடிச் சுவரைத் தேடிப் போனது. இராசாத்தி அங்கே இல்லை. காற்று கொஞ்சம் தணிந்ததும் உள்படியால் கீழ்மாடி வகுப்பறைக்கு இறங்கி, எல்லோருக்கும் பருப்பும் சோறும் சமைக்கும் பெண்களோடு சேர்ந்துவிட்டாள். அழவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஒரு தோணி ரோட்டோரம் வந்து தட்டியது. இரண்டு மீனவர்கள் ஓர் ஆளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தார்கள். உடம்பெல்லாம் சேறு. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"நௌஷாட்!" மதுஷன் பாய்ந்து போனான்.

வேன்காரன் அவனைப் பார்த்தான். பிறகு விதுர்ஷாவைப் பார்த்தான். மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தான். பார்த்ததும் பொங்கிப் பொங்கி அழத் தொடங்கிவிட்டான்.

"அல்லாஹ்வே! இருக்கீங்களா? தங்கச்சி, நீங்க இருக்கீங்களா? வேற வேன் புடிச்சிப் பின்னால வந்திருப்பீங்க எண்டு நினைச்சி நினைச்சி..."

"என்ன நடந்த நௌஷாட்? வேன் எங்க?"

"வேனா? பாலத்தைத் தாண்டின உடன ரோட்டில முழங்கால் தண்ணிதான். போகலாம் எண்டு நினைச்சன். என்ட பிழைதான். மத்தக் குடும்பத்தை ஏத்த முதலே நடு ரோட்டில எஞ்சின் நிண்டு போச்சு. கதவைத் திறக்க ஏலாமப் போச்சு மச்சான், தண்ணி தள்ளிப் புடிச்சிக்கொண்டிருக்கு! முன் கண்ணாடியால ஏறிக் கூரைக்குப் போனன். என்ட கண்ணுக்கு முன்னால பின் சீட் முங்கினது... பிறகு வேன் அப்பிடியே உருண்டு வயலுக்குள்ள..." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "பின் சீட்டிலதானே தங்கச்சிக்கும் புள்ளைக்கும் துணி விரிச்சி வெச்சிருந்தன்!"



விதுர்ஷா குழந்தையைப் பார்த்தாள். குஞ்சு அவளுடைய தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்து எச்சில் ஒழுகச் சப்பிக்கொண்டிருந்தது. முங்கிய பின் சீட்... திறக்காத கதவு...

"அம்மா..." என்றாள். பிறகு கட்டடமே அதிரக் கத்தினாள். "அம்மா!"

அந்தச் சத்தம் கேட்டுக் கீழேயிருந்து இராசாத்தி பதறியடித்து ஓடி வந்தாள். "என்ன? புள்ளைக்கு என்ன?" வாசலில் நௌஷாட்டைக் கண்டாள். எல்லோருடைய முகத்தையும் கண்டாள். யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

மதுஷன்தான் முதலில் அசைந்தான். தலையைக் குனிந்தபடி வந்தான். "மாமி... நான்..."

"ஒண்டும் சொல்லாதீங்க மருமகன்," என்றாள் இராசாத்தி மெதுவாக. "உங்கட குடும்பத்தைக் காப்பாத்தத்தானே நீங்களும் நினைச்சீங்க. இந்த ஊரில ஆரும் அப்பிடித்தான் நினைப்பாங்க. தண்ணியெண்டாக் கடல் எண்டுதான் எல்லாருக்கும் பயம்." மகள் பக்கம் திரும்பினாள். "நான் செய்ததும் சரியில்ல. தாயிட்டக் கேக்காமப் புள்ளயைத் தூக்கினது பெரிய பிழை. ஏணைக்குள்ள கடதாசியைக் கண்ட நேரம் உன்ட நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்... அது எனக்குத் தெரியும். குவைத்தில போனை வெச்சிக்கொண்டு நிண்டவளுக்குத் தெரியாதா? அண்டைக்கு என்ட கையில புள்ள இருக்கல்ல, ஓம். அதுதான் இண்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினன்."

விதுர்ஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணி வத்தினதும் நான் களுவாஞ்சிக்குடிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறன் புள்ள. உன்னில கோவிச்சுக்கொண்டு இல்ல. வீடு உன்ட. உறுதி வாளிக்குள்ள நனையாம இருக்கு. சேறு கழுவி, கிணறு இறைச்சி, குளோரின் போட்ட பிறகுதான் அந்தத் தண்ணியைப் புள்ளைக்குக் குடுக்க வேணும். கொதிக்க வெச்சுக் குடு..."

"போதும்!"

விதுர்ஷா எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி நடு மாடிக்கு வந்தாள். காலையில் தாயை எந்த இடத்தில் நின்று ஏசினாளோ, அதே சனத்தின் முன்னால்.

"எல்லாரும் கேளுங்க. காத்தால கேட்டீங்கதானே, இப்பவும் கேளுங்க. என்ட அம்மா களவெடுக்கல்ல. நான் கொண்டுபோய்ச் சாகக் குடுக்க இருந்த புள்ளயை என்ட அம்மா காப்பாத்தினா. நான்தான் நன்றி கெட்டவள்! என்ட வாய்க்குத்தான் புழு விழ வேணும்!"

"சும்மா இருகா புள்ள," என்றாள் கண்ணகை. "வாய்க்குப் புழு விழுறதெண்டா முதல்ல எனக்குத்தான் விழ வேணும்."

இராசாத்தி இன்னும் வாசலிலேயே நின்றாள். விதுர்ஷா கிட்டே போனாள். குழந்தை பாட்டியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டித் துள்ளியது. இராசாத்தியின் கைகளும் தன்னையறியாமல் உயர்ந்தன... பாதியில் நின்றன. விரலும் படக்கூடாது என்று சொன்ன மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"தூக்கட்டா மகள்?"

அந்த ஒரு கேள்வியில் விதுர்ஷா உடைந்து போனாள்.

"என்னட்டயாம்மா கேக்கிறீங்க? என்னட்டயா?" குழந்தையைத் தாயின் தோளில் போட்டாள். அப்படியே தானும் அந்தத் தோளிலேயே விழுந்தாள். "போகாதீங்கம்மா... எங்கயும் போகாதீங்க... வீட்டை எழுதிக் குடுத்தா வீட்டை மட்டும்தானே குடுத்தீங்க, உங்களையுமா வெளிய போகச் சொல்லி எழுதினீங்க?"

இராசாத்திக்கு அழத்தான் தோன்றியது. ஆனால் குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு கையால் பேத்தியையும் மறுகையால் மகளையும் இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு கைகளும் நிறைந்திருந்தன.